கரப்பான் ஒட்டுவதும் இல்லை, உள்ளே போவதும் இல்லை



சென்ற இதழில் வயிற்றோட்டத்தைப் பற்றிப் படித்தோம். இந்த இதழில் சின்னப் பிள்ளைகளுக்கு வரும் கரப்பான் என்ற தோல் நோயைப் பற்றிப் படிப்போம். பாடத்தைத் தொடங்குமுன் நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொன்னால்தான் இந்தப் பாடத்தை ஏன் எழுதுகிறோம் என்பது உங்களுக்கு விளங்கும்.

சில வருடங்களுக்கு முன்பு, தை மாதத்துப் பனிக் காலம். எங்கள் மேல் டிவிசன் பிள்ளைக் காம்பராவுக்கு நாம் போயிருந்தபோது ஆயா ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்றரை வயதுப் பெண் பிள்ளை. இரண்டு கன்னமும், முழங்கை மடிப்பும், முழங்காலின் பின்பக்க மடிப்பும் கறுத்து, தடித்து, சொறிந்த இடத்தில் நீர் கசிந்தது. "ஐயா, இது சொறி. மத்த புள்ளைகளுக்கும் ஒட்டிரும். தாய்மார் எல்லாம் சத்தம் போடுறாங்க" என்றார். நாமும் எட்டிப் பார்த்துவிட்டு, தாயைக் கூப்பிட்டு, "ஆறுற வரைக்கும் வீட்டுல வச்சுக்கங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அந்தத் தாய் கொழுந்து எடுப்பவர். பதினேழு நாள் அவருக்குப் பேர் விழவில்லை. வீட்டில் அப்பாயி, "கரப்பான் பண்டம் ஒண்ணும் குடுக்கக் கூடாது" என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பிள்ளைக்கு உப்புப் போட்ட கஞ்சி மட்டும்தான். டவுனில் ஒருவரிடம் பெயர் ஒட்டாத ஒரு கிறீம் டப்பாவை வாங்கிப் பூசினார்கள். நாலு நாளில் கன்னம் பளபளவென்று ஆனது. டப்பா முடிந்ததும் முன்பைவிட மோசமாகக் கிளம்பியது. அடுத்த கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். வளர்ச்சி அட்டையில் மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு கீழே இறங்கியிருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் வைத்தியர் பார்த்து, "இது சொறி இல்லை, கரப்பான். யாருக்கும் ஒட்டாது. பிள்ளையை நாளைக்கே பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பலாம்" என்றார். பதினேழு நாட் பேரும், பிள்ளையின் நிறையும், அந்த வீட்டு நித்திரையும் நம் ஒரு வார்த்தையால் போயின. அன்றிலிருந்துதான் இந்த நோயைப் பற்றி வைத்தியர்களிடமும் தோட்ட வைத்திய உதவியாளரிடமும் கேட்டுப் படிக்கத் தொடங்கினோம். படித்ததை இங்கே எழுதுகிறோம்.

கரப்பான் என்றால் என்ன?

நம் தோல் ஒரு சுவர் மாதிரி. சுவரில் கல்லும் சாந்தும் இருப்பதுபோல, தோலில் செல்களும் அவற்றுக்கிடையில் எண்ணெய்ப் பசையும் இருக்கின்றன. சாந்து நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. வெளியே இருக்கும் தூசி, சவர்க்காரம், கிருமி உள்ளே வராது. கரப்பான் உள்ள பிள்ளைக்கு இந்தச் சாந்து பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. ஆகவே தோல் காய்கிறது, வெடிக்கிறது, உள்ளே வரக்கூடாதவை வருகின்றன. உடம்பு அவற்றோடு சண்டை பிடிப்பதால் தோல் தடித்துக் கடி எடுக்கிறது. பிள்ளை சொறிகிறது. சொறியச் சொறிய சுவர் இன்னும் உடைகிறது. உடைய உடையக் கடி கூடுகிறது.

இந்த நோய்க்கு வைத்தியர்கள் இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1933 இல் அமெரிக்காவில் வைஸ், சல்ஸ்பேர்கர் என்ற இரண்டு தோல் வைத்தியர்கள் வைத்தார்கள். 2006 இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் வேறு நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, தோற் சுவரைக் கட்டும் 'பிலக்ரின்' என்ற புரதம் சிலருக்குப் பரம்பரையாகவே குறைவாக உண்டாகிறது என்றும், அப்படிப்பட்டவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்றும் கண்டுபிடித்தார்கள். ஆகவே தாய் எதையோ தின்றதால், பிள்ளையைச் சுத்தமாக வைத்திருக்காததால் வந்தது என்று எந்தத் தாயையும் குற்றம் சொல்ல இடமில்லை. குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு, ஓயாத தும்மல், கரப்பான் இருந்தால் பிள்ளைக்கும் வரலாம்.

பெரும்பாலும் 5 வயதுக்கு முன்பே தொடங்கும். கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, தலை, கைகால்களின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் வரும். நடக்கிற வயதுக்குப் பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், மணிக்கட்டு, கழுத்து ஆகிய இடங்களுக்கு மாறும். புத்தகங்களில் 'சிவந்த தோல்' என்று எழுதியிருப்பார்கள். நம் பிள்ளைகளின் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கறுத்து, சாம்பல் பூத்து, தடித்து, சொரசொரவென்று இருக்கும். கண்ணால் பார்ப்பதோடு விரலால் தடவியும் பாருங்கள்.

கரப்பானா, சொறியா, படையா?

நாம் பிழை விட்ட இடம் இதுதான். ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள்.

சொறிச் சிரங்கு: இது ஒரு சின்னப் பூச்சியால் வருவது. ஒட்டும். இரவில் படுத்தால் கடி தாங்க முடியாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அக்குள், மறைவிடம் ஆகிய இடங்களில் சின்னச் சின்னப் பருவாக வரும். கைக்குழந்தைக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். முக்கியமான அடையாளம் என்னவென்றால், வீட்டில் இன்னும் ஒருவர் இரண்டு பேராவது சொறிந்துகொண்டிருப்பார்கள். இதற்கு வைத்தியர் தரும் மருந்தை வீட்டில் உள்ள அத்தனை பேரும், கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் பூச வேண்டும். ஒரு காம்பராவில் எட்டுப் பேர் படுத்தால் எட்டுப் பேரும் பூச வேண்டும். பெரும்பாலும் ஒரு கிழமை கழித்து மறுபடி பூசச் சொல்வார்கள். உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாததை ஒரு பையில் கட்டி நாலைந்து நாள் எடுக்காமல் வையுங்கள். மனித உடம்பை விட்ட பூச்சி அதற்குள் செத்துவிடும்.

படை: இது பூஞ்சணத்தால் வருவது. வட்டமாக, ஓரம் தடித்து, நடு கொஞ்சம் தெளிந்திருக்கும். வட்டம் நாளுக்கு நாள் பெரிதாகும். இதுவும் ஒட்டும்.

கரப்பான்: மடிப்புகளிலும் கன்னத்திலும் வரும், வந்து வந்து போகும், ஒட்டாது. தோல் முழுவதுமே காய்ந்திருக்கும். வீட்டில் மற்றவர்களுக்குப் புதிதாகக் கடி இராது.

ஒன்றுக்கு உரிய மருந்து மற்றதற்கு ஆகாது. சொறி மருந்தைக் கரப்பானில் பூசினால் தீயாக எரியும். கரப்பான் கிறீமைப் படையில் பூசினால் முதலில் அடங்கியது போலக் காட்டிப் பிறகு உருத்தெரியாமல் பரவும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தை வாங்கிப் பூசுவது இதனால்தான் கூடாது. தோட்டத்து மருந்துக் காம்பராவில் காட்டிக் கேளுங்கள். சந்தேகமென்றால் அவர்களே துண்டு கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

மருந்தைவிட முதலில் தேவைப்படுவது

கரப்பானை முற்றாக இல்லாமற் செய்யும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அடக்கி வைக்க முடியும். வயது ஏற ஏற அனேகமான பிள்ளைகளுக்குக் குறைந்துவிடும். அதுவரைக்கும் சுவருக்கு நாம் சாந்து பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

குளிப்பு: "தண்ணி பட்டா கூடும்" என்று மாதக்கணக்கில் குளிக்க வார்க்காமல் இருப்பவர்களும் உண்டு. பிள்ளையின் ஊத்தையைப் போக்கச் சுடச்சுட வார்ப்பவர்களும் உண்டு. இரண்டும் பிழை. மலைநாட்டுக் குளிரில் பீலித் தண்ணீரை அப்படியே வார்க்க முடியாது. வெந்நீர் கலந்து, உங்கள் முழங்கையில் ஊற்றிப் பார்த்தால் சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருக்க வேண்டும். 5 முதல் 10 நிமிடத்துக்குள் வார்த்து முடித்துவிடுங்கள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம், வாசனைச் சவர்க்காரம், தண்ணீரில் ஊற்றும் கிருமிநாசினி ஒன்றும் வேண்டாம். பீர்க்கங்கூட்டாலோ கல்லாலோ தேய்க்க வேண்டாம். மெல்லிய துணியால் ஒத்தி எடுங்கள்.

பூசுதல்: துடைத்த கையோடு, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைப் பூசுங்கள். இதுதான் சாந்து. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் எமல்சிபையிங் ஒயின்ட்மென்ட் போன்ற வெள்ளைக் களிம்பு கொடுப்பார்கள். அதையே சவர்க்காரத்துக்குப் பதிலாகவும் பாவிக்கலாம். வாசனை இல்லாத வெள்ளை வஸ்லினும் நல்லது. அக்குவஸ் கிறீம் சில பிள்ளைகளுக்கு எரிவை உண்டாக்கும். எரிந்தால் அதைச் சொல்லி வேறு கேளுங்கள். ஒன்றும் கையில் இல்லாத நாளில் மருந்து கலக்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் பூசலாம். கடுகெண்ணெய், வேப்பெண்ணெய், வாசனை எண்ணெய் பூச வேண்டாம்.

எவ்வளவு பூசுவது? ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, நோயுள்ள இடத்தில் மட்டும் அல்ல, உடம்பு முழுவதும். கடி இல்லாத நாளிலும் பூச வேண்டும். உடம்பெங்கும் கரப்பான் உள்ள பிள்ளைக்கு ஒரு கிழமைக்கு 250 கிராம் வரை தேவைப்படும் என்று வைத்தியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கிளினிக்கில் சின்னப் போத்தல் தந்தால், "ஐயா, இது மூணு நாளைக்குத்தான் காணும்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். முடி வளர்ந்த பக்கமாகக் கீழ்நோக்கித் தடவுங்கள். கையை விட்டு அள்ளாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் களிம்புகளும் வஸ்லினும் துணியில் ஊறிக் காய்ந்தால் அந்தத் துணி சீக்கிரம் தீப்பிடிக்கும். தோய்த்தாலும் முற்றாகப் போகாது. நம் லயத்துக் காம்பராக்களில் அடுப்பும் படுக்கையும் பக்கத்தில் பக்கத்தில். களிம்பு பூசிய பிள்ளையை அடுப்பங்கரையில் குளிர்காய வைக்க வேண்டாம். அதன் உடுப்பை அடுப்புக்கு மேலே காயப்போட வேண்டாம். விளக்கு, பீடி, சிகரெட் நெருப்போடு பிள்ளையைத் தூக்க வேண்டாம்.

உடுப்பு: குளிருக்குக் கம்பளிச் சட்டையும் கம்பளித் தொப்பியும் போடத்தான் வேண்டும். ஆனால் கம்பளி தோலில் நேராகப் பட்டால் கடி கூடும். உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டு அதற்கு மேலே கம்பளியைப் போடுங்கள். வேர்க்க வேர்க்கப் பொத்தி வைக்கவும் வேண்டாம். நகத்தைக் கிழமைக்கு இரண்டு முறை வெட்டுங்கள். மலையிலிருந்து வந்ததும் கைகாலைக் கழுவி, உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். மருந்து அடிக்கிறவர்களும் உரம் போடுகிறவர்களும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அடுப்புப் புகை பிள்ளை படுக்கும் பக்கம் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெரொயிட் கிறீம்: பயமும் வேண்டாம், துணிச்சலும் வேண்டாம்

தோல் தடித்துக் கடி எடுக்கும்போது களிம்பு மட்டும் போதாது. அப்போது வைத்தியர் ஸ்டெரொயிட் கிறீம் எழுதுவார். ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற மருந்தைத் தோலில் பூசிக் கரப்பான் அடங்குவதை 1952 இல் சல்ஸ்பேர்கரும் விட்டன் என்பவரும் எழுதிக் காட்டினார்கள். முன்பு பெயர் வைத்தார் என்று சொன்னோமே, அதே சல்ஸ்பேர்கர்தான். எழுபது வருடத்துக்கு மேலாக உலகமெங்கும் பாவனையில் உள்ள மருந்து இது.

இதைக் கேட்டதும் ஒரு பகுதியினர் பயந்து, பட்டாணி அளவில் பாதியை உடம்பெல்லாம் தடவுகிறார்கள். சுகமாகவில்லை, "மருந்து பிடிக்கல்ல" என்கிறார்கள். இன்னொரு பகுதியினர் கடையில் பலமான கிறீமை வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தினால் பொங்குகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் சரியான வழி.

முதலில், எல்லா ஸ்டெரொயிட் கிறீமும் ஒன்றல்ல. ஹைட்ரோகோர்ட்டிசோன் 1 வீதம் மெல்லியது. முகத்துக்கும் கைக்குழந்தைக்கும் பெரும்பாலும் இதைத்தான் எழுதுவார்கள். பெட்டாமெத்தசோன் பலமானது. குளோபெட்டசோல் மிகப் பலமானது. பெயரை வாசிக்கத் தெரியாவிட்டால் மருந்துக் காம்பராவில் கேட்டு, முகத்துக்கு உரியதையும் உடம்புக்கு உரியதையும் வெவ்வேறு அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. இதற்கு வேல்ஸ் நாட்டில் இரண்டு பேர் 1991 இல் ஒரு சுலபமான கணக்குக் கண்டுபிடித்தார்கள். வளர்ந்தவரின் சுட்டுவிரலில், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் டியூப்பிலிருந்து ஒரு கோடு பிதுக்குங்கள். அது ஒரு விரல் நுனி அளவு. கிட்டத்தட்ட அரைக் கிராம். அது வளர்ந்தவரின் இரண்டு கையளவு, அதாவது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்பளவு தோலுக்குப் போதும். உங்கள் கையைப் பிள்ளையின் நோயுள்ள இடத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை கையளவு என்று தெரிந்துவிடும். இரண்டு முழங்கை மடிப்பும் இரண்டு முழங்கால் மடிப்பும் சேர்ந்து இரண்டு கையளவு என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விரல் நுனி. அப்படியானால் 15 கிராம் டியூப்பில் 30 நாள் மருந்து இருக்கிறது. ஆறு மாதம் வந்தால் நீங்கள் பூசியது மிகக் குறைவு. ஒரு கிழமையில் முடிந்தால் மிக அதிகம்.

மூன்றாவது காலம். வைத்தியர் சொன்னபடி ஒரு நாளைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, நோயுள்ள இடத்தில் மட்டும் பூசுங்கள். கறுப்பு நிறம் போகும்வரைக்கும் அல்ல. தடிப்பு இறங்கித் தோல் மழமழப்பாகிக் கடி நிற்கும்வரைக்கும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு கிழமை. முகமென்றால் சில நாட்களே. பிறகு ஸ்டெரொயிட்டை நிறுத்தி, வெள்ளைக் களிம்பைத் தொடருங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பூசாமல், இடையில் அரை மணித்தியாலம் விடுங்கள். இரண்டு கிழமையில் அடங்காவிட்டால் திரும்பக் காட்டுங்கள்.

நோய் ஆறிய இடம் சில மாதம் வெளுத்தோ கறுத்தோ இருக்கும். அது பெரும்பாலும் நோய் விட்ட அடையாளம். மெல்ல மெல்லப் பழைய நிறம் வரும்.

தோட்டத்தில் கேட்ட கதைகளும் உண்மையும்

"பூசி அமுக்கினா உள்ளுக்குப் போயி இழுப்பாயிரும்."

இதுதான் நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றிய பயம். படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. கரப்பான் வந்த பிள்ளைகளில் ஒரு பகுதிக்குச் சில வருடம் கழித்து இழுப்பு வருவது உண்மை. கண்ணால் கண்டவர்கள், பூசியதால்தான் வந்தது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் பூசாத பிள்ளைகளுக்கும் அப்படியே வருகிறது. இரண்டும் ஒரே குடும்பத்து நோய்கள். அக்காவுக்குப் பின் தங்கை பிறந்தால், அக்கா தங்கையாக மாறினாள் என்று சொல்ல முடியுமா? பூசாமல் விட்டால் பிள்ளைக்கு நித்திரை போகும், தோல் புண்ணாகும். அதனால் இழுப்பு வராமல் தடுக்கப்படுவதும் இல்லை.

"கரப்பான் பண்டம் குடுக்கக் கூடாது."

அனேகமான பிள்ளைகளுக்குக் கரப்பான் சாப்பாட்டால் வருவதில்லை. 2016 இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 100 க்கு 17 பேர் அளவில் இருந்தார்கள். தோட்டங்களில் 100 க்கு கிட்டத்தட்ட 32 பேர். ஏற்கெனவே இந்த நிலைமையில் இருக்கும் நம் பிள்ளையிடமிருந்து முட்டை, மீன், பருப்பு, கீரை, கத்தரிக்காய், திரிபோஷா எல்லாவற்றையும் பறித்தால் தோலும் ஆறாது, வளர்ச்சியும் நிற்கும். ஒரு சில பிள்ளைகளுக்கு உண்மையாகவே ஒரு உணவு ஒத்துக்கொள்ளாது. அதைத் தின்ற சில நிமிடத்தில், அல்லது இரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பில் தடிப்புக் கிளம்பும், உதடு வீங்கும், வாந்தி வரும். அப்படி நடந்தால் அந்த ஒன்றை நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். எதை நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

"தாய்ப்பாலால வந்தது, நிப்பாட்டுங்க."

நிறுத்தக் கூடாது. 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். தாயும் பத்தியம் கிடக்க வேண்டியதில்லை.

"ஊசி போட்டா கூடும்."

கரப்பானுக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 9 மாதத்து ஊசியையும் நாளுக்குப் போடுங்கள். ஊசி போடுபவரிடம் பிள்ளைக்குக் கரப்பான் உண்டு என்று மட்டும் சொல்லுங்கள்.

"வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசுனா போதும்."

வெடித்த தோலில் அரைத்த இலையைத் தேய்ப்பது புண்ணில் உப்புப் போட்ட மாதிரி. கயிறு கட்டுவதும் பார்வை பார்ப்பதும் உங்கள் நம்பிக்கை. அதை நாம் தடுக்கவில்லை. ஆனால் அதற்காக மருந்தை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். பெயர் ஒட்டாத டப்பா, 'வெள்ளையாக்கும்' கிறீம், 'இலை மருந்து' என்று விற்பவற்றில் சிலவற்றில் பலமான ஸ்டெரொயிட் மறைத்துக் கலந்திருப்பார்கள். நாலே நாளில் அற்புதம் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

"பிரிட்டோன் குடுத்தா கடி போயிரும்."

அது பிள்ளைக்கு மயக்கம் கொடுக்கும். கரப்பான் கடியை அவ்வளவாகக் குறைக்காது. வைத்தியர் சொல்லாமல் இரவுக்கிரவு கொடுக்க வேண்டாம்.

எப்போது ஓடிப்போக வேண்டும்?

மஞ்சள் பொருக்குக் கட்டி, சீழ் கசிந்து, வீங்கி, காய்ச்சல் வந்தால் கிருமி பிடித்துவிட்டது. அன்றைக்கே காட்டுங்கள்.

ஒரே அளவான சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகத் திடீரென்று கிளம்பி, குத்தி எடுத்த மாதிரிப் புண்ணாகி, வலியும் காய்ச்சலும் இருந்தால் அது ஒரு வகை வைரசு. கரப்பான் தோலில் வேகமாகப் பரவும். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் மிக ஆபத்து. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லொறி கிடைக்காவிட்டால் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. உதட்டில் நீர்க்கொப்புளம் உள்ளவர்கள் கரப்பான் பிள்ளையை முத்தம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பிள்ளைக் காம்பரா ஆயாமாருக்கு

கரப்பான் பிள்ளையைத் தனியே உட்கார வைக்காதீர்கள். தாய் கொண்டுவரும் களிம்பைப் பகலில் ஒரு முறை பூசிவிடுங்கள். வெறும் சிமெண்டு நிலத்தில் உடம்பு உராயாமல் துணி விரித்து விடுங்கள். மற்றத் தாய்மார் சத்தம் போட்டால், "நான் தொட்டுத்தான் பூசுறேன், எனக்கு ஒட்டல்லையே" என்று சொல்லுங்கள். சொறியா கரப்பானா என்று தெரியாவிட்டால் அன்றைக்கே மருந்துக் காம்பராவுக்கு அனுப்பிக் கேளுங்கள். தாயின் பேரை வெட்டும் முடிவை எட்டிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டாம். நாம் ஒரு முறை எடுத்தோம்.

அந்தப் பெண் பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறது. பனிக் காலத்தில் முழங்கை மடிப்பு இன்னும் கொஞ்சம் தடிக்கும். களிம்பும் சில நாள் கிறீமும் போட்டால் அடங்கிவிடும். இழுப்பு வரவில்லை. வந்திருந்தாலும் பூசியதால் வந்தது என்று அந்த வீட்டில் இனி யாரும் சொல்லமாட்டார்கள். சென்ற மாதம் அந்தப் பக்கம் போனபோது இஸ்தோப்பில் அப்பாயி உட்கார்ந்து, பேத்தியின் காலைத் தன் மடியில் போட்டு மெதுவாகக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவித்த முட்டை ஒன்று இருந்தது. நம்மைக் கண்டதும், "வாங்கய்யா. அடுத்த லயத்துலயும் ஒரு கைப்புள்ளைக்குக் கன்னமெல்லாம் இப்படித்தான் இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க, நீங்க ஒருக்காப் போயிச் சொல்லுங்க" என்றார்.

போய்ச் சொன்னோம். இந்தப் பக்கத்தை வாசித்த நீங்களும், வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.